கண்ணை மூடிடாதீங்க அக்கா!

“கண்ணை மூடிடாதீங்க அக்கா, மூடினா போச்சு!”

மூடவில்லை. மூச்சையும் சேர்த்தே பிடித்துக்கொண்டேன். கண்ணாடித் தட்டு ஒன்றின் மேல் வெளிர் மஞ்சளில், தேனைப் போல் கெட்டியாக ஒரு திரவம் மெல்லிசாகப் பரவியிருக்கிறது. பிள்ளையாரைக் கடலில் இறக்குகிற பக்தியோடு அந்தத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தொட்டித் தண்ணீருக்குள் சாய்வாக நழுவ விடுகிறாள் ஆய்வு மாணவி. ஒன்று, இரண்டு, பளிச்! கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது கொழுக்கட்டை மேல்மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. இன்னும் சில நொடி போனதும் ஓரம் தானாகவே உரிந்து, முழுத் தாளாக மிதந்து மேலே வந்தது.

“இன்னொரு தடவை!” என்று கத்தியே விட்டேன். பக்கத்து மேசைப் பையன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும்.

சென்னையில், மரங்கள் நிறைந்த ஒரு வளாகத்தில், ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது இது. எந்த வளாகம், எந்தத் துறை என்று எழுதக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளியாகவில்லையாம். பெயர்கள் வேண்டாம், சமையலை மட்டும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். சமையல் என்றால் சமையலேதான். இத்தனை கரண்டி, இத்தனை சிட்டிகை, இத்தனை நேரம் கிளறணும் என்று ஒரு நாள் முழுக்கப் பேசிய வேறு இடம் எங்கள் வீட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றுதான்.

அந்த வெள்ளைத் தாள்தான் தண்ணீர் வடிகட்டும் சவ்வு. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது ‘மெம்பரேன்’. பாடப் புத்தகத்தில் படலம் என்றும் எழுதுவார்கள். கம்பராமாயணத்தில் படலம் என்றால் அத்தியாயம். இங்கேயும் ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு எண், ஒரு கதை, பெரும்பாலும் சோகக் கதை.

தொட்டிக்குள் அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது? பால் திரிகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். பாலிஈதர்சல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கை என்.எம்.பி. என்கிற கரைப்பானில் கரைத்திருக்கிறார்கள். அந்தக் கரைப்பானுக்குத் தண்ணீர் என்றால் உயிர், பிளாஸ்டிக்குக்கோ தண்ணீரே ஆகாது. தட்டைத் தொட்டியில் இறக்கியதும் கரைப்பான் தண்ணீரைத் தேடி வெளியே ஓடுகிறது, தண்ணீர் உள்ளே பாய்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் திரிந்து உறைகிறது. தண்ணீர் புகுந்த இடமெல்லாம் துளை. மேற்பரப்பில் அவசரமாக உறைந்ததால் அங்கே துளைகள் நானோமீட்டர் கணக்கில் சின்னது. அடியில் நிதானமாக உறைந்ததால் விரல் விரலாகச் சுரங்கங்கள். மேலே இறுக்கம், கீழே தாராளம்.

இப்படி இரண்டு குணம் கொண்ட சவ்வைக் கடல்நீருக்காக முதலில் செய்து காட்டியவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். காலம் 1960-ஐ ஒட்டி. சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். 1965-இல் அதே மாநிலத்தின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இந்தச் சவ்வில் வடிகட்டிய குடிநீர் போனது. பிறகு நம் பக்கத்தில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலைக் குடிநீராக்குகிற ஆலைகள் கட்டினார்கள். முதலாவது 2010-இலும் அடுத்தது 2013-இலும் வந்தன, ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர் என்ற கணக்கு. நம் சமையலறைச் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. பெட்டியும் அதே குடும்பத்தின் கடைக்குட்டி.

சவ்வு பிறந்ததைப் பார்த்தாயிற்று. அடுத்து, செத்ததையும் பார்த்துவிடலாம் என்று கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நடப்பதன் பெயர் ‘அட்டாப்சி’. பிரேதப் பரிசோதனையேதான், நான் வைத்த பெயர் இல்லை. நீரைச் சுத்திகரிக்கும் துறையில் உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேசை மேல் 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளத்தில் ஒரு உருளை. எங்கோ ஓடி ஓய்ந்தது. ஆய்வக உதவியாளர் அண்ணன் ரம்பத்தை எடுத்து, கண்ணாடியிழை உறையை நீளவாக்கில் அறுத்தார். உள்ளே பாய் சுருட்டியது மாதிரி சவ்வு, வலை, சவ்வு, வலை என்று சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார்கள். விரிக்க விரிக்க வந்துகொண்டே இருக்கிறது. மொத்தம் சுமார் 37 சதுர மீட்டர், அதாவது 400 சதுர அடி. சென்னையில் அந்தப் பரப்பில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும்!

“மூக்கைப் பொத்திக்கோங்கம்மா” என்றார் அண்ணன், பத்து நொடி தாமதமாக. குளத்துப் படிக்கட்டில் காய்ந்துபோன பாசியின் நாற்றம். சவ்வு முழுக்கப் பழுப்பாக, வழவழவென்று, கஞ்சியில் ஊறிய துணி மாதிரி ஒரு பூச்சு. கையுறை போட்ட விரலால் தேய்த்தேன். வழுக்கியது. அருவருப்பும் ஆனந்தமும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதற்குத்தான் இந்தத் துறையில் ‘ஃபௌலிங்’ என்று பெயர். நான் இத்தனை நாளும் துளைக்குள் குப்பை மாட்டிக்கொள்வதுதான் அடைப்பு என்று நினைத்திருந்தேன். ஆற்று நீர் வடிகட்டுகிற சவ்வுகளில் அதுவும் நடக்கும். கடல்நீர் உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. சவ்விலோ மாட்டிக்கொள்ளக் கண்ணுக்குத் தெரிகிற துளையே கிடையாது. தண்ணீர் மூலக்கூறு நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிற இடுக்குகள்தான் உண்டு. அழுக்கு மேலே வந்து உட்கார்ந்து கூடாரம் போடுகிறது. இலை மக்கிய சாறு, புரதம், உப்புப் படிவு எல்லாம் வந்து சேர்கின்றன. எல்லாவற்றையும்விட மோசம் பாக்டீரியா. ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், தன்னைச் சுற்றிப் பசை சுரந்து, வீடு கட்டி, வம்சம் பெருக்கிவிடும்.

கடல்நீரை நல்ல நீராக்கச் சவ்வின் மேல் கொடுக்கிற அழுத்தம் 55 முதல் 70 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேலே பாசி ஏறினால் அதே அளவு தண்ணீருக்கு இன்னும் அழுத்த வேண்டும், மின்கட்டணம் எகிறும். காரமும் அமிலமும் ஊற்றிக் கழுவலாம், ஆனால் கழுவக் கழுவச் சவ்வுக்கு வயசாகும்.

“குளோரின் போட்டுக் கொன்னுட வேண்டியதுதானே?” என்று கேட்டேன். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிற ஊரில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்!

மூன்று பேர் ஒரே குரலில் சிரித்தார்கள். ஆர்.ஓ. சவ்வின் மேல்தோல் பாலிஅமைடு. குளோரின் பட்டால் அதுவும் சிதையும். கிருமியும் சாகும், சவ்வும் சாகும். அதனால் ஆலைகளில் முதலில் குளோரின் போட்டு, சவ்வுக்குள் போகுமுன் சோடியம் பைசல்ஃபைட் ஊற்றி அந்தக் குளோரினை ஒன்றும் விடாமல் எடுத்துவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்த நாலு பாக்டீரியாவுக்குச் சவ்வின் மேல் விருந்துதான்.

கொல்ல முடியாது என்றால் ஒட்டவிடாமல் செய்ய வேண்டும். அதற்குத்தான் மாடியில் அந்தச் சமையல்.

மீண்டும் மேலே ஓடினோம். படியேறும்போதே என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். தாமரை இலை மாதிரி செய்துவிட்டால்? தண்ணீரே ஒட்டாத இலையில் அழுக்கு எப்படி ஒட்டும்? மாணவி நின்றாள். “எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க அக்கா. நானும் இன்டர்வியூல அதைத்தான் சொன்னேன்.”

தாமரை இலையின் வித்தை காற்றில்தான் பலிக்கும். சவ்வோ இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீருக்குள் முழுகிக் கிடப்பது. அங்கே நீரை வெறுக்கிற பரப்பின் பக்கத்தில் நிற்கத் தண்ணீருக்குப் பிடிக்காது, நகர்ந்துகொள்ளப் பார்க்கும். காலியான அந்த இடத்தில் புரதமும் எண்ணெயும் சந்தோஷமாக வந்து உட்காரும். ஆகவே வேண்டியது நேர் எதிர். தண்ணீரை விரும்பி, இறுக்கிப் பிடித்துக்கொள்கிற பரப்பு வேண்டும்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது. சவ்வின் மேல் தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகத் துண்டு போட்டுவிட்டால், பின்னால் வருகிற அழுக்குக்கு சீட் கிடையாது. நின்றுகொண்டே வந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போக வேண்டியதுதான். பிளாஸ்டிக் கலவையில் இவர்கள் நானோ துகள்களை, அதாவது நானோமீட்டர் அளவிலான பொடிகளை, கலப்பதே அந்தத் துண்டு போடத்தான். உவமையைச் சொன்னதும் பேராசிரியர் சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். காப்புரிமை கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

மசாலா அலமாரியைத் திறந்தார்கள். அடடா! டைட்டானியம் டை ஆக்சைடு, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி வெள்ளை. வீட்டுச் சுவர் பெயின்ட்டில் இருக்கிற அதே பொருள், அரைத்த பதம்தான் வேறு. அதன் பரப்பில் நீரைப் பிடிக்கும் கொக்கிகள் நிறைய, புற ஊதா ஒளி பட்டால் அழுக்கை எரிக்கவும் தெரியும். பக்கத்தில் கிராஃபீன் ஆக்சைடு, தண்ணீரில் கலந்து வைத்தால் அசல் டிகாக்‌ஷன் நிறம். (“குடிச்சிடாதீங்க” என்று உண்மையாகவே பாட்டிலில் ஒட்டியிருக்கிறது.) கார்பன் நானோ குழாய்கள், லாந்தர் கண்ணாடிக் கரி மாதிரி கன்னங்கரேல். வெள்ளித் துகள் கரைசலோ மஞ்சள்! வெள்ளியை நானோ அளவுக்குப் பொடித்தால் வெள்ளியாகத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் அறிவியலே படித்திருப்பேன்.

ஏன் இத்தனை பொடியாக வேண்டும்? சின்னதாக ஆக ஆக, அதே எடைக்கு வெளிப்பரப்பு பெருகும். கிராஃபீனைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமை ஒற்றை அடுக்காக விரித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 2,630 சதுர மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 12 கிரவுண்டு நிலம். ஒரு சிட்டிகையில் எத்தனை துண்டு போடலாம் பாருங்கள்.

ஆனால் சிட்டிகைதான். அதில்தான் எல்லாச் சூட்சுமமும். நூறு கிராம் கலவையில் பிளாஸ்டிக் 17, 18 கிராம் இருக்கும், நானோ பொடி பெரும்பாலும் ஒரு கிராமைக்கூடத் தொடாது. தராசு நாலு தசமம் காட்டுகிறது. அதற்கு ஒரு கண்ணாடி வீடு, கதவு சாத்தி, மின்விசிறியை அணைத்து, “யாரும் தும்மாதீங்க” என்று அறிவிப்பு. நான் தும்மினேன். மறுபடி முதலிலிருந்து.

நிறையப் போட்டால் நிறையப் பலன் கிடைக்காதா? ரவை உப்புமா கிண்டியவர்களைக் கேளுங்கள். கட்டி தட்டிவிடும். நானோ துகள்களுக்குத் தனியாக நிற்கப் பிடிக்காது, சந்தர்ப்பம் கிடைத்தால் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து உருண்டையாகிவிடும். உருண்டையானால் பரப்பு போச்சு, நானோ என்ற பெயரும் போச்சு. அந்த உருண்டைகள் துளையை அடைக்கும், இல்லாவிட்டால் சுற்றிலும் ஓட்டை விட்டு உப்பையும் கிருமியையும் சேர்த்து அனுப்பும். ஆய்வுக் கட்டுரைகளில் வருகிற வரைபடம் பெரும்பாலும் மலை மாதிரி இருக்கும். கொஞ்சம் போட்டால் ஏறும், இன்னும் போட்டால் இறங்கும். உச்சி எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு பி.எச்.டி. முடிந்துவிடும்.

கட்டியை உடைக்க ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், சோனிகேட்டர். நம் காதுக்கு எட்டாத அலைவரிசையில் அதிர்கிறது என்பார்கள், நம்பாதீர்கள். எட்டுகிறது! தகரத்தில் ஆணியை இழுக்கிற கீச்சொலி, பல் கூசும். பாத்திரம் சூடேறாமல் இருக்கச் சுற்றிலும் ஐஸ் கட்டி. அரை மணி நேரம் அந்தப் பேயைக் கத்தவிட்ட பிறகு பிளாஸ்டிக் மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மிதமான சூட்டில் இரவு முழுக்கக் கிளறுகிறது ஒரு மோட்டார். பால் பாயசம் கிண்டுகிற பொறுமை. காலையில் நிறுத்தி, குமிழி அடங்கக் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு குமிழி தங்கிவிட்டாலும் அது நாளைக்கு ஒரு ஊசித் துளை. நேற்றைய ராத்திரி குப்பைக் கூடைக்கு.

அப்புறம் வருகிறது ‘டாக்டர் பிளேடு’. பெயரைக் கேட்டதும் ஏதோ அறுவை சிகிச்சை என்று நினைத்தேன். நம் ஊரில் பிளேடு போடுவது என்றால் வேறு அர்த்தம், அதற்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள்! இது ஒரு உலோகச் சட்டம். கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே 150, 200 மைக்ரான் இடைவெளி வைத்து, ஊற்றிய கலவையின் மேல் ஒரே சீராக இழுக்க வேண்டும். தோசை வார்க்கிற கை இருந்தால் போதும் என்று நான் வீம்பாக வாங்கி இழுத்தேன். என் தோசை ஒரு பக்கம் ஊத்தப்பம், ஒரு பக்கம் பேப்பர் ரோஸ்ட். அதற்கும் எண் போட்டு, என் பெயர் எழுதி, மரியாதையாக ஒரு டப்பாவில் வைத்தார்கள். சோதனைக்குப் போகாது என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

இந்த வேலையில் சென்னைக்கென்று ஒரு தலைவலி உண்டு. என்.எம்.பி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நவம்பர் அடைமழையில் தட்டில் இழுத்துவிட்டு நிமிர்வதற்குள், தொட்டியில் இறக்கும் முன்பே, மேலே பனி மூடியது மாதிரி மங்கிவிடுமாம். துளைகளின் அமைப்பே மாறிப்போகும். அதனால் இவர்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு சவ்வுக்கும் பக்கத்தில் அன்றைய ஈரப்பதமும் எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலில் “ரெட் அலர்ட், வீட்டுக்குப் போறோம்” என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கரைப்பான் சாதுவும் இல்லை. கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் அதற்குக் கட்டுப்பாடு. இங்கேயும் கையுறை, புகைபோக்கிப் பெட்டி எல்லாம் உண்டு. தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற பொருளைச் செய்ய இப்படி ஒரு திரவம் வேண்டியிருக்கிறதே என்று உறுத்தியது. மாற்றுக் கரைப்பான் தேடுவது தனி ஆராய்ச்சியாகவே நடக்கிறது என்றார் சார்.

இனி பரீட்சை. முதல் பரீட்சை ஒரு சொட்டுத் தண்ணீர். காய்ந்த சவ்வின் மேல் ஊசியால் ஒரு துளியை வைத்து, பக்கவாட்டில் கேமரா வைத்துப் படமெடுக்கிறார்கள். துளி குண்டாக உருண்டு நின்றால் சவ்வுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை, தட்டையாகப் படர்ந்தால் பிடித்திருக்கிறது. துளியின் ஓரம் சவ்வைத் தொடுகிற கோணம்தான் தொடுகோணம். தாமரை இலையில் 150 பாகைக்கு மேல் போகும். ஒன்றும் சேர்க்காத சவ்வில் துளி மேடாக நின்றது. கிராஃபீன் ஆக்சைடு சேர்த்ததில் வைத்தபோது, தாத்தா ஈஸிசேரில் சாய்கிற மாதிரி மெதுவாகச் சரிந்து பரவியது. திரையில் எண் குறையக் குறைய நாங்கள் நாலு பேரும் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி கூச்சல் போட்டோம்.

இரண்டாவது பரீட்சை நிஜமான அழுக்கு. ஆற்று நீரை எடுத்தால் தினம் ஒரு மாதிரி இருக்கும் என்பதால் உலகமெங்கும் ஆய்வகங்களில் சில ‘மாதிரி அழுக்கு’கள் வைத்திருக்கிறார்கள். பசுவின் ரத்தத்திலிருந்து எடுத்த புரதம் ஒன்று, மக்கிய தாவரச் சாறான ஹியூமிக் அமிலம் ஒன்று, பழுப்புக் கடல்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் ஒன்று. மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலோரப் பெண்கள் பறிக்கிற பாசிகளில் ஆல்ஜினேட்டுக்கான வகைகளும் உண்டு. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குகிற அதே பொருள் இங்கே வில்லன் வேஷம் கட்டுகிறது.

சின்ன உருளைக்குள் சவ்வை வைத்து, முதலில் சுத்த நீர். எவ்வளவு வேகமாக வடிகிறது என்று குறிப்பார்கள். அடுத்து புரதக் கரைசல், வேகம் தொப்பென்று விழும். கழுவி மறுபடி சுத்த நீர். பழைய வேகத்தில் எத்தனை பங்கு திரும்பி வந்தது? அந்த ஒற்றை எண்ணுக்காகத்தான் இத்தனை ராத்திரி. சாதாரணச் சவ்வில் அழுக்கு போவேனா என்று அடம்பிடிக்கும். துண்டு போட்ட சவ்வில் ஒரு அலசலில் இறங்கிவிடும். அழுக்கே படியாது என்று யாரும் இங்கே சொல்வதில்லை. படியும், சுலபமாகப் போய்விடும். கழுவச் சுலபமான பாத்திரம், அவ்வளவே. நான்-ஸ்டிக் தவா வாங்கிய வீட்டுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தச் சிட்டிகை வித்தையில் பெரிய மேடைக்குப் போன கதையும் லாஸ் ஏஞ்சலஸில்தான் நடந்தது. எரிக் ஹோக் என்ற பேராசிரியரின் குழு 2007-இல், ஆர்.ஓ. சவ்வின் பாலிஅமைடு தோலுக்குள் ஜியோலைட் நானோ துகள்களைப் புதைத்துக் காட்டியது. அந்தத் தோலைச் செய்கிற விதமே ஒரு மாயாஜாலம். தண்ணீரில் ஒரு பொருள், ஹெக்சேனில் ஒரு பொருள். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி கலக்காத இரண்டும் சந்திக்கிற கோட்டில் சில நொடியில் தோல் பிறந்துவிடும், தடிமன் சில நூறு நானோமீட்டர்கூட வராது. ஹெக்சேன் பக்கத்தில் அதிகபட்சமாக 0.4 சதவீதம் ஜியோலைட்டைத் தூவினார்கள். ஜியோலைட் என்பது உள்ளே ஒழுங்கான துளை உள்ள ஒரு கனிமம், துளையின் அகலம் சுமார் 0.4 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு நுழையும், நீரைப் போர்த்திக்கொண்டு வருகிற சோடியம் அயனி நுழையாது. தண்ணீர் போகிற வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது, உப்பைத் தடுக்கிற திறன் குறையவில்லை. பரப்பும் வழவழப்பாகி, நீர்விருப்பமும் கூடியது. தண்ணீர் நிஜமாகவே அந்தத் துளைக்குள் புகுந்து போகிறதா, துகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகப் போகிறதா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை ஓயும் முன்பே கம்பெனி வந்துவிட்டது. நானோஎச்2ஓ என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனத்தை 2014-இல் எல்.ஜி. கெம் 20 கோடி டாலருக்கு வாங்கியது. டிவி, வாஷிங் மெஷின் பெயரில் பழகிய அந்த எல்.ஜி. குடும்பமேதான். சிட்டிகைப் பொடிக்கு 20 கோடி டாலர்!

வெள்ளித் துகளின் வழி வேறு. அது துண்டு போட்டு இடம் பிடிக்கிற சாதுவல்ல, அடியாள். வெள்ளி அயனியை மெல்லக் கசியவிட்டு பாக்டீரியாவைக் கொல்லும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2009-இல் பாலிசல்ஃபோன் சவ்வில் வெள்ளியைக் கலந்து, கிருமி ஒட்டுவது குறைந்ததைக் காட்டினார்கள். கூடவே வெள்ளி கழுவிக்கொண்டு போவதையும் கவனித்தார்கள். போகப் போகச் சவ்வு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். போன வெள்ளி குடிக்கிற தண்ணீரில்தானே போயிருக்கும் என்று அடுத்த கேள்வி வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு இந்தக் கசிவையே கட்டுக்குள் வைத்து, சவ்வே இல்லாத ஒரு வடிகட்டிப் பொருளை 2013-இல் வெளியிட்டது. அதில் வெள்ளி வெளிவருவது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுக்குக் கீழே. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

யேல் பல்கலைக்கழகத்தில் மெனாகெம் எலிமெலெக் குழு 2014-இல் இன்னொரு வழி பார்த்தது. கிராஃபீன் ஆக்சைடு தாள்களைச் சவ்வுக்கு உள்ளே கலக்காமல் மேற்பரப்பில் வேதிப் பிணைப்பால் தைத்தார்கள். ஒரு மணி நேரம் தொட்டுக்கொண்டிருந்த பாக்டீரியாவில் 65 சதவீதம் செயலிழந்தது, எதுவும் கசிந்து வெளியேறவும் தேவையில்லை. கேட்க எளிது, ஆனால் இந்தத் துறையின் பெரிய வாக்குவாதமே இங்கேதான். உள்ளே கலந்தால் சாம்பாரில் போட்ட காய் மாதிரி, பத்திரமாக இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் அடியில் கிடந்து வீண். மேலே தூவினால் கொத்தமல்லி மாதிரி, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வேலை செய்யும், முதல் அலசலில் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். எங்கள் மாணவி கொத்தமல்லிக் கட்சி.

கடைசியாக ஒரு ஆடம்பரம் காட்டினார்கள். சவ்வின் குறுக்குவெட்டைப் பார்க்க அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, நசுங்கிவிடும். திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிக்கிறார்கள். புகை மண்டலம், சினிமா கனவுக் காட்சிதான். பிறகு அந்தத் துணுக்குக்குத் தங்கப் பூச்சு. ஆமாம், அசல் தங்கம், சில நானோமீட்டர். மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க அது வேண்டும். திரையில் படம் தெளிந்தபோது பேச்சே வரவில்லை. மேலே ஒரு மெல்லிய கோடு, அதன் கீழே வரிசையாகத் தொங்கும் ஆலம் விழுதுகள். நடுவே பளபளவென்று ஒரு பொரி உருண்டை.

“கட்டி” என்றாள் மாணவி, அழாத குறையாக. அந்தச் சவ்வும் கூடைக்குப் போயிற்று.

இவ்வளவு குதித்தபிறகு ஒன்றைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. ஆய்வகப் பரீட்சை சில மணி நேரம், ஒரு புரதம், கைக்குட்டையில் பாதி அளவு சவ்வு. நிஜ ஆலையில் சவ்வு வருடக்கணக்கில் ஓட வேண்டும், எல்லா அழுக்கும் சேர்ந்தே வரும். அதற்கு நடுவில் காரக் குளியலும் அமிலக் குளியலும் உண்டு. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன, கடைக்கு வந்தவற்றை எண்ணக் கைவிரல் போதும். ஒவ்வொரு கட்டுரையும் தன் பொடிதான் ராஜா என்கிறது. ஒரே அழுக்கு, ஒரே அழுத்தம், ஒரே கழுவல் என்று பொதுவான பரீட்சை வைத்தால் பாதி ராஜாக்களுக்கு நாற்காலி போய்விடும் என்பது என் கணிப்பு. சாரிடம் அதைச் சொன்னேன். “பாதியா?” என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆர்.ஓ. சர்வீஸ்காரத் தம்பி வந்து பழைய மெம்பரேனைக் கழற்றினால், அதைக் குப்பையில் போட விடாதீர்கள். கேட்டு வாங்குங்கள். மேலே சுற்றியிருக்கும் டேப்பைக் கிழித்துப் பாய் விரிப்பதுபோல மெதுவாக விரித்து, குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கை முதலிலேயே பொத்திக்கொள்ளுங்கள், பத்து நொடி கழித்து அல்ல.